மலையகம் கேட்கும் கணக்கு

தோட்டத்துப் பெண்ணொருவர் முறைப்பாடு செய்வதற்காகப் பொலிஸ் நிலையத்துக்குச் செல்கின்றார். அவர் கூறுவது தமிழில், எழுதப்படுவது சிங்களத்தில். இடையில் நின்று மொழிபெயர்ப்பவர் உடன் வந்த அயலவராகவோ அல்லது அவரை ஏற்றி வந்த முச்சக்கர வண்டிச் சாரதியாகவோ இருப்பார். தம்மால் வாசிக்க முடியாத புத்தகத்தில் கையொப்பமிட்டு விட்டு அவர் லயத்துக்குத் திரும்புகின்றார். என்ன எழுதப்பட்டது என்பது வழக்கு நீதிமன்றத்துக்கு வரும் நாளிலேயே அவருக்குத் தெரிய வருகின்றது. மலையகத்தில் இது எவரையும் வியப்பில் ஆழ்த்தும் விடயமன்று. இவ்வாறான நிலைமை அங்கு வழமையாகிப் போயிருப்பதே எமது கவலையாகும்.

சட்டத்தில் குறை இருப்பதாகக் கூறிவிட முடியாது. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவு, வாய்மொழியாக வழங்கப்படும் முறைப்பாடு அது வழங்கப்பட்ட மொழியிலேயே பதியப்பட வேண்டும் என்றும், முறைப்பாட்டாளருக்கு அது வாசித்துக் காட்டப்பட வேண்டும் என்றும் விதிக்கின்றது. 1987 இல் கொண்டுவரப்பட்ட பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டின் பதினாறாவது திருத்தம் நிருவாகத்தில் அதன் இடத்தை மேலும் தெளிவுபடுத்தியது. 1999 இல் நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. 2007 ஜூலைக்குப் பின்னர் அரச சேவையில் இணைவோர் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் எனச் சுற்றுநிருபம் வெளியிடப்பட்டது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் 2011 இல் சமர்ப்பித்த அறிக்கையில், பொலிஸ் நிலையங்களில் இருமொழி உத்தியோகத்தர்கள் இருபத்து நான்கு மணி நேரமும் கடமையில் இருக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. ஏட்டளவில் இதற்கு மேல் எழுதுவதற்கு அதிகம் எஞ்சியிருக்கவில்லை என்றே கூற வேண்டும்.

அவ்வாறாயின் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை ஆகிய பொலிஸ் நிலையங்களில் இரவு பத்து மணிக்குத் தமிழில் முறைப்பாடு எழுதக்கூடியவர் எத்தனை பேர் கடமையில் இருக்கின்றனர்? அவர்களுள் பெண்கள் எத்தனை பேர்? 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகை ஏழு இலட்சத்துக்கும் அதிகம். அதில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்திய வம்சாவளித் தமிழர். ஏனைய தமிழரையும் முஸ்லிம்களையும் சேர்த்தால் பத்துப் பேரில் சுமார் ஆறு பேர் தமிழ் பேசுவோராவர். அத்தகைய மாவட்டத்தில் மேற்படி கேள்விக்கான விடை நிலையம் நிலையமாக ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டாமா?

இது தமிழருக்கு மட்டுமேயுரிய பிரச்சினை என்று முஸ்லிம் வாசகர்கள் கருத மாட்டார்கள் என நம்புகின்றோம். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் நாவலப்பிட்டியிலும் கடை நடத்தும் முஸ்லிம் வர்த்தகரின் மொழியும் தமிழே. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, பாதுகாக்க வேண்டியவர்கள் உரிய வேளையில் செயற்படவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்ததை அச்சமூகம் மறந்துவிடவில்லை. 2023 மே மாதம் கொழும்பில் பொலிஸ் காவலில் இருந்த பதுளையைச் சேர்ந்த வீட்டுப் பணிப்பெண் உயிரிழந்ததை மலையகமும் மறக்கவில்லை. சீருடை அணிந்தோர் மத்தியில் தம்மவர் எவரும் இல்லை என்று ஒரு சமூகம் உணரும்போது அச்சீருடையின் மீது நம்பிக்கை ஏற்படுவது எவ்வாறு?

இவ்விடயத்தில் வட அயர்லாந்தின் அனுபவம் நோக்கத்தக்கது. அங்கு சனத்தொகையில் பெரும் பங்கினரான கத்தோலிக்கர் பொலிஸ் சேவையில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவிலேயே இருந்தனர். 1998 சமாதான உடன்படிக்கையை அடுத்து நியமிக்கப்பட்ட பற்றன் ஆணைக்குழு, புதிய ஆட்சேர்ப்பில் பாதியைக் கத்தோலிக்கருக்கு ஒதுக்குமாறு பரிந்துரைத்தது. 2001 இலிருந்து 2011 வரை அது நடைமுறையில் இருந்தது. பத்து ஆண்டுகளில் அவர்களின் பங்கு நூற்றுக்கு முப்பதை அண்மித்தது. ஏற்பாடு கைவிடப்பட்ட பின்னர் அவ்வளர்ச்சி பெரும்பாலும் நின்று போனது என்பதையும் கூறியாக வேண்டும். அங்கு எண்ணிக்கை பகிரங்கப்படுத்தப்பட்டதால் முன்னேற்றத்தையும் தேக்கத்தையும் மக்கள் தெரிந்து கொண்டனர். எமது நாட்டில் அதற்கு வழியில்லை.

மலையக இளைஞர்கள் விண்ணப்பிப்பதில்லை என்பதே அதிகாரிகள் வழமையாகக் கூறும் பதிலாகும். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பொலிஸில் சேர உயர வரம்பு ஒன்று உள்ளது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீடு, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப்புறப் பிள்ளைகளில் நூற்றுக்கு முப்பத்திரண்டு பேர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள் எனக் கண்டறிந்தது. தேசிய அளவில் அது பதினேழு மட்டுமே. குழந்தைப் பருவத்தில் போஷாக்கு கிடைக்காத ஒருவனை இருபது வயதில் அளவுகோலின் முன் நிறுத்தி, நீ குட்டை என்று திருப்பி அனுப்பி விட்டு, உங்கள் சமூகத்தவர் வருவதில்லையே என்று கேட்பது நியாயமாகுமா? பொலிஸ் திணைக்களத்தின் குறை என்று நாம் கருதுவதன் வேர் சுகாதார அமைச்சின் எல்லைக்குள்ளும் இருக்கின்றது.

சுகாதாரத்தைப் பொறுத்தவரை கட்டடங்கள் எழுந்துள்ளன என்பதை நாம் மறுக்கவில்லை. இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு டிக்கோயாவில் அமைக்கப்பட்ட வைத்தியசாலையை 2017 மே 12 ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார். நுவரெலியாவிலும் நெதர்லாந்தின் ஒத்துழைப்புடன் புதிய வைத்தியசாலைக் கட்டடம் எழுந்தது. எனினும், கட்டில் நோயைக் குணப்படுத்தாது. 2022 பொருளாதார நெருக்கடியை அடுத்து வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டு வெளியேறினர். அதன் சுமை முதலில் விழுவது கொழும்பிலோ கண்டியிலோ அன்று, தூர இடத்து வைத்தியசாலைகளிலேயே.

கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கிளினிக் நாள் என்பது பெயர் போடாத நாள். அன்றைய சம்பளம் இல்லை. விடியற்காலையில் புறப்பட்டு, பஸ் பிடித்து, இலக்கம் எடுத்து, பிற்பகல் வரை வாங்கில் இருந்து, அடுத்த மாதம் வருமாறு எழுதிய துண்டுடன் திரும்புகின்றார். சத்திரசிகிச்சை தேவையாயின் கண்டிக்குச் செல்ல வேண்டும். அங்கும் திகதி கொடுக்கப்படும். அத்திகதி எத்தனை மாதங்களுக்குப் பின்னர்? தோட்டப்புற நோயாளி நகர்ப்புற நோயாளியை விட அதிகமாகக் காத்திருக்கின்றாரா? எவராலும் அறுதியிட்டுக் கூற முடியாது. இங்கிலாந்தில் சிகிச்சைக்காகக் காத்திருப்போரின் எண்ணிக்கை மாதந்தோறும் வெளியிடப்படுகின்றது. பதினெட்டு வாரங்களுக்குள் சிகிச்சை என்ற இலக்கை அங்குள்ள சுகாதார சேவை 2016 இலிருந்து எட்டவில்லை. அதற்காக ஒவ்வொரு அரசாங்கமும் பாராளுமன்றத்தில் தலைகுனிய நேர்ந்தது. எமது அமைச்சர்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை. கணக்கு வெளிவந்தால் அல்லவா தலைகுனிவதற்கு!

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தோட்டத்து நோயாளி முதலில் செல்வது தோட்டத்து டிஸ்பென்சரிக்கு. அதற்குப் பொறுப்பு அரசாங்கமா, கம்பனியா? தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் திட்டம் 1990களில் தொடங்கி இன்றுவரை முழுமையடையவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளில் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. அதனைத் திருத்துவதற்கு 2018 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இக்காலப் பகுதி முழுவதும் அதே சபைகளுக்கு அம்மக்கள் வாக்களித்து வந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. அம்புலன்ஸ் வண்டி லயத்தடிக்கு வர முடியாமல் நோயாளியைத் தோளில் சுமக்க நேரிடும் பாதைகளுக்கு இந்த முப்பது ஆண்டுப் புறக்கணிப்பே பெரும் காரணம்.

பொறுப்பு யாருடையது என்ற கேள்வி வீடமைப்பில்தான் மிகக் கூர்மையாக எழுகின்றது. காணி அரசினுடையது. 1992 இலிருந்து அதன் முகாமைத்துவம் கம்பனிகளுடையது. லயம் தோட்ட நிருவாகத்தினுடையது. அதில் நான்கு தலைமுறையாக வாழ்பவனுக்கு உரியது எது? கூரைத் தகரத்தை மாற்றுவதற்கும் துரையிடம் அனுமதி கேட்க வேண்டிய நிலை. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பராவில் மூன்று தலைமுறையினர் ஒன்றாக உறங்குவதை எழுதி எழுதி எமது பேனாக்களும் களைத்துவிட்டன.

இந்திய அரசாங்கம் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகளை வழங்க முன்வந்தது. 2017 மே மாதம் நோர்வூட் பொதுக்கூட்டத்தில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் முதற்கட்டமாக 1,300 வீடுகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2024 பெப்ரவரியில். 2025 ஒக்டோபர் 12 ஆம் திகதி பண்டாரவளையில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க சுமார் 2,000 பயனாளிகளுக்கு வீட்டுரிமை ஆவணங்களை வழங்கினார். வரவேற்கத்தக்கதே. ஆயினும் அறிவிப்புக்கும் ஆவணத்துக்கும் இடையே எட்டு ஆண்டுகளும் ஐந்து மாதங்களும் கழிந்துள்ளன. இடைப்பட்ட காலத்தில் நான்கு ஜனாதிபதிகள் பதவி வகித்துள்ளனர். தாமதத்துக்குக் கொரோனாவும் பொருளாதார வீழ்ச்சியும் காரணமாக இருந்தன என்பதை ஏற்றுக் கொள்கின்றோம். ஏழு பேர்ச் காணியைத் தோட்டங்களிடமிருந்து விடுவித்துக் கொடுப்பதற்கு இவ்வளவு காலம் எடுத்ததை மட்டும் ஏற்றுக் கொள்ள முடியவில்லை.

தாமதத்தின் விலை என்னவென்பதை மலைகளே சொல்லியிருக்கின்றன. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு அபாயம் குறித்து 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்கள் இடம்பெயர்க்கப்படவில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை லயன்கள் மண்ணுள் புதைந்தன. தப்பியோருக்கு 75 வீடுகள் கையளிக்கப்பட இரண்டு ஆண்டுகள் சென்றன. அதன் பின்னராவது பாடம் கற்றோமா? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காவு கொண்டபோது நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களின் சரிவுகளே பேரழிவைச் சந்தித்தன. எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு அப்போதும் எழுந்தது. பொலிஸ் நிலையத்து முறைப்பாட்டுப் புத்தகத்தில் தொடங்கும் மொழிப் பிரச்சினை மண்சரிவு எச்சரிக்கை வரை நீளுகின்றது. இழந்த வீட்டுக்கு நட்டஈடு என்று வரும்போது, உறுதிப்பத்திரம் ஒன்றைக் கண்ணாலும் கண்டிராத லயத்து மனிதர் எதைக் காட்டி உரிமை கோருவார்?

இவையனைத்துக்கும் இன்றைய அரசாங்கம் மட்டுமே காரணம் என்று கூறினால் அது நேர்மையாகாது. சௌமியமூர்த்தி தொண்டமான் அமைச்சரவையில் இணைந்த 1978 இலிருந்து மலையகத் தலைமைகள் அநேகமாக எல்லா அரசாங்கங்களிலும் அமைச்சுப் பதவிகளை வகித்தன. பிரஜாவுரிமைச் சிக்கலைத் தீர்த்ததில் அவர்களுக்குள்ள பங்கை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் எத்தனை வீடு, எத்தனை உறுதி, எத்தனை நியமனம் என்ற கணக்கை மக்கள் முன் வைத்த தலைமை எது? பத்திரிகைகளாகிய நாமும் அடிக்கல் நாட்டு விழாவின் படத்தை முதற்பக்கத்தில் பிரசுரித்த வேகத்தில், இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தக் கல்லின் மீது சுவர் எழுந்ததா என்று சென்று பார்க்கவில்லை. குற்றத்தில் எமக்கும் பங்குண்டு.

எனினும், தற்போதைய ஆளுந்தரப்பு தன்னை வேறுபட்டதென அறிமுகப்படுத்திக் கொண்டே வந்தது. 2023 ஒக்டோபரில் ஹட்டனில் பிரகடனமொன்றை வெளியிட்டு மலையக மக்களின் காணி, வீடு, மொழி உரிமைகள் குறித்துத் தேசிய மக்கள் சக்தி வாக்குறுதி அளித்தது. மறு ஆண்டுப் பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்ட மக்கள் பெரும்பான்மை ஆசனங்களை அக்கட்சிக்கே அளித்தனர். ஆகவே கேட்பதற்கு மக்களுக்கு உரிமை உண்டு. பதிலளிக்க அரசாங்கத்துக்குக் கடப்பாடும் உண்டு.

நாம் கோருவது பெருந்தொகை நிதியையோ புதிய சட்டத்தையோ அல்ல. பொலிஸ் நிலையம் ஒவ்வொன்றிலும் தமிழில் பதியக்கூடிய உத்தியோகத்தர் எத்தனை பேர், அவர்கள் எந்த நேரத்தில் கடமையில் உள்ளனர் என்பதைப் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சு கூறட்டும். டிக்கோயா, நுவரெலியா வைத்தியசாலைகளில் விசேட வைத்திய நிபுணரைக் காண்பதற்கும், சத்திரசிகிச்சைக்கும் சராசரியாக எத்தனை நாட்கள் காத்திருக்க வேண்டும் என்பதைச் சுகாதார அமைச்சு கூறட்டும். அறிவிக்கப்பட்ட வீடுகளில் எத்தனை பூர்த்தியாயின, எத்தனைக்கு உறுதி வழங்கப்பட்டது, அபாய வலயத்தில் இன்னும் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன என்பதைத் தோட்டம் தோட்டமாகப் பெருந்தோட்ட அமைச்சு கூறட்டும். ஆறு மாதங்களுக்கு ஒரு முறை, தமிழிலும் சிங்களத்திலும்.

நுவரெலியா மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களுள் எவரேனும் ஒருவர், எக்கட்சியைச் சேர்ந்தவராயினும், இவற்றை வாய்மூல விடைக்கான கேள்விகளாகச் சமர்ப்பிக்கலாம். அவர்கள் முன்வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கின்றது. அதன் கீழ் எந்தப் பிரஜையும் தமது மொழியிலேயே விண்ணப்பிக்கலாம். தகவலை வழங்குவதா இல்லையா என்பதைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் அதிகாரி அறிவித்தாக வேண்டும். டயகமவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ படித்த இளைஞர் எவரேனும் அத்தகைய விண்ணப்பமொன்றை அனுப்புவாராயின், கிடைக்கும் பதிலை அல்லது பதிலின்மையை இப்பக்கத்தில் பிரசுரிப்பதற்கு நாம் காத்திருக்கின்றோம்.