துருவோடு கதையும் போய்விடும்

பழைய லீ-என்ஃபீல்ட் துவக்கை வாங்கி, துருவைச் சுரண்டி, கட்டைக்கு எண்ணெய் பூசும் வெளிநாட்டு வீடியோக்களுக்கு எங்கட தீவகப் பெடியளும் 'என்ன வடிவு!' எண்டு கருத்துப் போடுகினம். அது யாரைச் சுட்டது எண்டு ஒருத்தரும் கேட்கிறேல்லை.

இந்த மெருகேற்றல் இங்கேயும் நடக்கிறது. ஊர்காவற்றுறைக்கு அருகிலுள்ள ஹமன்ஹீல் கடற்கோட்டை ஒருகாலத்தில் சிறை. இன்று கடற்படை நடத்தும் ஹோட்டல்.

திருத்துவதை நாங்கள் எதிர்க்கவில்லை. எதைத் திருத்துகிறோம் என்பதுதான் கேள்வி. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. குழந்தைகள் உட்பட 20க்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். பெயரை மாற்றாமல் அதே படகைத் திருத்தி, திரும்பவும் சனத்தை ஏற்றினார்கள்.

எண்ணெய் பூச ஆசையெண்டால் ஒரு வள்ளத்தின் எஞ்சினுக்குப் பூசுங்கோ. துவக்கு துருப்பிடிச்சே கிடக்கட்டும்.