பொத்தானைப் பழிப்போர்க்கு ஒரு மறுப்பு

அண்மையில் பெற்றோர் கூட்டமொன்றில் பேசிய அன்பர் ஒருவர், பிள்ளைகள் கணிப்பொறியில் ஆடும் ஆட்டங்களைக் கண்டித்து வருகையில், அவற்றுள் ஒன்றைத் தனியே எடுத்துச் சாடினார். "ஒரே பொத்தான்; அழுத்துவதும் விடுவதும்தான் வேலை. இதற்கு அறிவு எதற்கு? குரங்குக்குப் பழக்கினால் அதுவும் ஆடும்" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். வீடு வந்து சேர்ந்த பிறகே அச்சிரிப்பு நெஞ்சில் தைத்தது. அந்த ஆட்டத்தை நான் கண்டிருக்கிறேன். ஆடித் தோற்றும் இருக்கிறேன். கண்டறியாதவர் பழித்ததில் வியப்பில்லை. கண்டறிந்தவன் சிரித்ததுதான் பிழை. அப்பிழைக்கு ஈடாகவே இதை எழுதுகிறேன்.

ஆட்டத்தின் பெயர் ஜியோமெட்ரி டேஷ். சுவீடன் நாட்டு ராபர்ட் டோபாலா என்பவர் 2013ஆம் ஆண்டு கைப்பேசிக்கென வெளியிட்டது. இவ்வகை ஆட்டம் அதற்கு முன்பே உண்டு. 2009இல் வந்த 'தி இம்பாசிபிள் கேம்' இதற்கு மூத்தது. ஜியோமெட்ரி டேஷைப் பார்த்துப் பிறர் செய்த படிகள் பிரவுசரில் ஏராளம். நம் பிள்ளைகளுள் பலர் ஆடுவது மூல ஆட்டத்தை அன்று, இப்படிகளையே.

ஒரு சிறு சதுரம் இடமிருந்து வலமாகத் தானே ஓடுகிறது. அதை நிறுத்த இயலாது, திருப்ப இயலாது, விரைவைக் கூட்டவோ குறைக்கவோ ஆடுவோன் கையில் ஒன்றுமில்லை. அவன் கையில் இருப்பது ஒன்றே: அழுத்தினால் சதுரம் துள்ளும். வழியெங்கும் முள் முளைத்திருக்கும். ஒரு முள்ளில் பட்டால் போதும். சதுரம் வெடித்துச் சிதறி, ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். கூடவே ஒலிக்கும் இசையும் முதலிலிருந்து தொடங்கும். 'ஸ்டீரியோ மேட்னஸ்' என்னும் முதற் கட்டம் ஏறத்தாழ ஒன்றரை நிமிடந்தான். அந்த ஒன்றரை நிமிடத்தைக் கடக்கப் பிள்ளைகள் பல நாள் போராடுகிறார்கள். நடுவழியில் சதுரம் ஓர் ஓடமாக மாறும்; அப்போது பொத்தானை அழுத்திப் பிடித்தால் மேலெழும், விட்டால் தாழும். பொத்தான் அதே ஒன்றுதான். அதன் பொருள் மாறிவிடுகிறது.

முட்களோ கண்டபடி இறைந்து கிடப்பவை அல்ல. தாளம் விழுமிடம் அறிந்து நிறுத்தப்பட்டவை. கண்ணால் கண்டு, மனத்தால் எண்ணி, பிறகு விரலை அசைப்போன் தோற்பான். காதால் கேட்டு, வரப்போகும் அடியை நெஞ்சில் வைத்திருப்பவனே கடப்பான்.

இனி, 'ஒரே பொத்தான்' என்ற ஏளனத்துக்கு வருவோம். அழுத்துதல், விடுதல் என்னும் இரண்டைத் தவிர வேறொன்றும் இல்லாத காரணத்தால் ஒன்று அறிவற்றதாகிவிடுமாயின், அரபுக் கவிதையின் யாப்பு முழுவதையும் அறிவற்றதென்று தள்ளிவிட வேண்டியதுதான். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத், அரூள் என்னும் யாப்பிலக்கணத்தை எதன்மேல் கட்டினார்? அசைவுள்ள எழுத்து, அசைவற்ற எழுத்து, ஹரகத்து, சுகூன். இவ்விரண்டின் அடுக்கிலிருந்தே 15 பஹ்ருகளை அவர் வகுத்தார். 16ஆவதைப் பின்னர் அக்ஃபஷ் சேர்த்தார் என்பர். கன்னார் தெருவில் சுத்தியல் ஓசையைக் கேட்டே இக்கலை அவர் உள்ளத்தில் உதித்தது என்று ஒரு கதையும் உண்டு. கதை மெய்யோ பொய்யோ, சுத்தியலுக்கும் எழுதல், விழுதல் என்னும் இரண்டே நிலை.

தமிழுக்கு வந்தாலும் இதே கணக்குத்தான். நேர், நிரை என்னும் ஈரசையில் தொடங்கி வெண்பாவும் விருத்தமும் விரிகின்றன. மாத்திரைக்கு அளவு சொன்ன நம் இலக்கண ஆசிரியர்கள் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் அல்லவா சுட்டினர்? விரலால் காலத்தை அளந்தவர்களின் வழிவந்தோர், விரலால் காலத்தை அளக்கும் பிள்ளையைப் பார்த்துக் குரங்கு என்பதா? காயல்பட்டினத்துக் காசிம் புலவரின் திருப்புகழைச் சந்தம் பிசகாமல் வாய்விட்டு ஓதிப் பார்த்தவர்கள் அறிவார்கள்: ஓரசை பிந்தினால் அடி முழுவதும் சரிந்துவிடும், மீண்டும் தலையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

நிற்க. இவ்வளவும் ஏட்டறிவு. என்னை மாற்றியது ஏடன்று, ஒரு பையன்.

பன்னிரண்டு வயதுப் பையன். என்னிடம் மாலையில் ஓத வந்தவன். "இவனுக்கு மனனம் வராது, வேறு ஏதேனும் தொழில் பழக்குங்கள்" என்று அவன் தகப்பனாரிடம் நானே சொல்லி அனுப்பியிருந்தேன். முப்பதாண்டுக் காலம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவன் சொன்ன தீர்ப்பு; தகப்பனார் மறுத்துப் பேசவில்லை. பின்பொரு நாள் அவருடைய கடைக்குச் சென்றபோது, கணக்குப் பார்க்க வைத்திருந்த பழைய கணிப்பொறியின் முன் பையன் அமர்ந்திருந்தான். "ஹஜ்ரத், நீங்க சொன்னாத்தான் கேப்பான். பில் போட நேரமில்லை, இதே வேலையா இருக்கான்" என்றார் தகப்பனார். கண்டிக்கத்தான் அருகே சென்றேன்.

அவன் கண் திரையில் நிலைத்திருந்தது. ஆனால் முள் தோன்றுமுன்பே விரல் இறங்கியது. "வருவது எப்படித் தெரியும்?" என்றேன். "பாட்டு சொல்லும் ஹஜ்ரத்" என்றான். திரையைக் கையால் மறைத்தேன். சற்றுத் தூரம் காதை மட்டும் கொண்டு ஓட்டினான். பிறகு வீழ்ந்தான், சிரித்தான், மறுபடியும் தொடங்கினான். எத்தனையாவது முயற்சி என்பதைத் திரை ஆங்கிலத்தில் காட்டியது, இருநூறைத் தாண்டியிருந்தது. மனனம் வராதவன் என்று நான் முத்திரை குத்திய பையன், ஒன்றரை நிமிட ஓசையை அசை அசையாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்தான்.

அவனுக்கு ஏன் என் பாடம் ஏறவில்லை? அன்றிரவு முழுவதும் இக்கேள்வி என்னை விடவில்லை. என்னிடம் மூன்றாம் முறை தடுக்கினால் அவன் முகத்தை நாற்பது பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே இருநூறாம் முறை தடுக்கினாலும் எண் ஒன்று கூடுகிறது, அவ்வளவே. ஏச்சில்லை, பிரம்பில்லை, ஒப்பீடில்லை. இன்னொன்றும் உண்டு. மூல ஆட்டத்தில் பயிற்சி முறை என ஒன்று இருக்கிறது. அவன் ஆடிய படியிலும் இருந்தது. தடுக்குமிடத்துக்குச் சற்று முன்னே ஓர் அடையாளக் கல்லை நட்டுக்கொண்டு, அவ்விடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பழகலாம். ஆனால் பயிற்சியில் முடித்தது முடித்ததாகக் கணக்கில் ஏறாது. முழுவதையும் ஒரே மூச்சில் ஓட்டிக் காட்ட வேண்டும். நம் பழைய உஸ்தாதுமார்கள் இம்முறையை அறியாதவர்களா? வசனம் தடுக்குமிடத்தில் நிறுத்தி, அதற்கு முந்திய சொல்லோடு கோத்து, பத்து முறை சொல்ல வைத்தவர்கள்தாமே? நாற்பது பேரை ஒரே குரலில் ஓத விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்த நாமல்லவா அதை மறந்தோம்!

அந்தப் பையன் சொன்ன இன்னொரு செய்தியையும் குறிப்பிட வேண்டும். சில நாள் அவன் ஒரே இடத்தில் சிறிது பிந்தியே விழுந்துகொண்டிருந்தானாம். காரணம் விரலில் இல்லை. கம்பியில்லாத காதொலிக் கருவியை மாட்டியிருந்தான். ஒலி நொடியின் ஒரு சிறு பகுதி தாமதித்துக் காதுக்கு வந்தது. கம்பியுள்ள கருவிக்கு மாறியதும் கடந்தான். பிரவுசரில் ஆடும்போது பழைய கணிப்பொறி திணறினாலும் ஒலியும் படமும் இப்படிப் பிரிந்து போகும் என்று விளக்கினான். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். என் எண்ணமோ என் வகுப்பின் கடைசி வரிசையில் இருந்தது. அங்கேதான் அவனை உட்கார வைத்திருந்தேன். அவன் கேட்டு ஓதியது என் குரலையா, முன்வரிசைப் பிள்ளைகளின் தாமதித்த எதிரொலியையா?

இசை கூடுமா கூடாதா என்னும் வழக்கை முன்வைத்து இவ்வாட்டத்தை விலக்குவோர் உளர். அது அறிஞர் பெருமக்களிடையே நெடுங்காலமாக உள்ள கருத்து வேறுபாடு. அதை இப்பக்கங்களில் தீர்க்க நான் முற்படவில்லை. அக்காரணத்தைச் சொல்லி விலக்குவோரை மதிக்கிறேன். அவர்கள் தம் கொள்கையைச் சொல்கிறார்கள். என் வழக்கு, ஆட்டத்தைப் பாராமலே 'அறிவற்றது' என்போருடன் மட்டுமே.

எதிர்ப்பக்கத்தாரையும் விட்டுவைப்பதற்கில்லை. இதை ஆடினால் பொறுமை வளரும், கவனம் கூர்மையாகும், கணக்கில் மதிப்பெண் ஏறும் என்று சில பெற்றோர் சொல்லக் கேட்கிறேன். வளரும் என்பதற்கு அவர்கள் காட்டும் சான்று யாது? முள்ளைத் தாண்டப் பழகியவன் முள்ளைத் தாண்டுவான். அதற்குமேல் நான் உறுதி கூற மாட்டேன். ஒரு முயற்சி சில நொடியில் முடிவதால் 'இன்னும் ஒன்றே ஒன்று' என்னும் ஆசை தீர்வதேயில்லை. நிறுத்தச் சொல்லும் மணி ஆட்டத்துக்குள் இல்லை. இதே போன்று தொட்டால் பறக்கும் 'ஃப்ளாப்பி பேர்ட்' என்னும் ஆட்டத்தைச் செய்த வியட்நாம் நாட்டு டோங் நுயென், மக்கள் அதற்கு அடிமையாவதைக் கண்டு 2014 பிப்ரவரியில் தாமே அதை விலக்கிக் கொண்டார். வருவாய் கொட்டிய நேரத்தில் அவர் செய்த காரியம் அது. மணியடிக்க வேண்டியவர்கள் வீட்டில் இருக்கும் நாம்தாம். அஸருக்குப் பிறகு அரை மணி என்று சொல்லி, அரை மணி ஆனதும் அருகே போய் நிற்பதற்கு நமக்கு நேரமில்லாமல், பொத்தான்மேல் பழியைப் போடுகிறோம்.

உண்மையில் கண்டிக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. மேடையில் அதை எவரும் தொடவில்லை. அந்தக் கடைக் கணிப்பொறியில் ஆட்டத்தின் இருபுறமும் விளம்பரங்கள் மின்னின. அவற்றுள் ஒன்று பணம் வைத்து ஆடும் சூது. பையன் அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். பிறர் உழைப்பைப் படியெடுத்து, அதைத் தூண்டிலாக்கி, பிள்ளைகளின் கண்முன் சூதாட்டத்தைக் கடை விரிக்கிறார்கள். ஸ்க்ராட்ச் போன்ற தளத்தில் சிறுவர்கள் நிரல் எழுதிப் பழகுவதற்காகச் செய்யும் படிகளை நான் சொல்லவில்லை; அது வேறு. ஆக்கியவரோ முழு ஆட்டத்தை விலைக்கும், லைட் என்னும் சிறு பதிப்பை விலையின்றியும் தருகிறார். பிள்ளை பிரவுசரில் எந்தப் பக்கத்தைத் திறக்கிறான் என்று பார்க்காமல், எத்தனை பொத்தான் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

மறுவாரம் அந்தத் தகப்பனாரிடம் சென்று, நான் சொன்னது தவறு, பிள்ளையைத் திரும்ப அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் உடனே இசையவில்லை. "அன்னைக்கு நீங்கதானே ஹஜ்ரத் சொன்னீங்க" என்றார். தலைகுனிந்து நின்றேன். இப்போது பையன் வருகிறான். முதல் வரிசையில், என் குரல் நேரே காதில் விழும் தூரத்தில் இருக்கிறான். தடுக்குமிடத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்துக்கொள்கிறோம். அதற்கு அவன் இட்ட பெயர் 'அடையாளக் கல்'. தொழுகையில் ஓதும் சிறு சூராக்களைத் தாண்டி வந்திருக்கிறான். வேகம் குறைவுதான். புள்ளிகள் இன்னும் நிறைய இருக்கின்றன. என் பங்குக்கு, ஸ்டீரியோ மேட்னஸில் பாதியைக்கூட நான் தாண்டவில்லை. "விரலைப் பாக்காதீங்க ஹஜ்ரத், கேளுங்க" என்கிறான்.