என் அம்மா தியாகி இல்லை

போன தடவை ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதி நிறையப் பேரைச் சிரிக்க வைத்தேன். இந்தத் தடவை கொஞ்சம் சீரியஸ். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளிர் தினத்துக்கு எங்கள் காலேஜில் ஒரு பேச்சுப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, 'தாய்மை எனும் தியாகம்'. எனக்கு முன்னால் பேசிய ஆறு பேரும் மெழுகுவர்த்தி, சந்தனம், ஊதுபத்தி என்று உருகினார்கள். நான் மேடையேறி, "என் அம்மா தியாகி இல்லை, அவங்க ஒரு டைப்பிஸ்ட்" என்று ஆரம்பித்தேன். ஹாலில் சத்தமே இல்லை. பரிசும் இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. :-) மூன்று நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு முசிறி பக்கம் ஒரு கிராமம். தாத்தாவுக்குக் குத்தகை வாழை, ஆயாவுக்குக் கோரைப்பாய் வேலை. பிளஸ் டூ முடித்த அம்மா முசிறிக்குப் போய் டைப்ரைட்டிங் படித்தார். அரசுத் தேர்வில் இங்கிலீஷ் லோயர் பாஸ், அப்புறம் ஹையர் பாஸ். லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. கல்யாணப் பத்திரிகையில் அம்மா பெயருக்குப் பின்னால் இரண்டையும் போட்டார்களாம். அந்தக் கல்யாணம் நாலு வருஷம்தான் ஓடியது. குடி, அடி. விவரம் வேண்டாம். 2007-இல் இரண்டு வயசுக் குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு அம்மா ஊருக்குத் திரும்பினார். அடுத்த மாதமே திருச்சியில் ஒரு வக்கீல் ஆபீஸில் வேலை. சம்பளம் 2,500. தினமும் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ், வர அதே அளவு.

வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்ட் என்றால் சொன்னதை அடிப்பவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிளஸ் ஒன் லீவில் ஒரு வாரம் அம்மாவோடு போய் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. வருகிறவர் அழுதுகொண்டே சொல்வதைப் பத்தி பத்தியாக மனுவாக்குவது அம்மா. டாக்கெட் ஷீட், வக்காலத்து, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் எல்லாம் சரியா என்று பார்ப்பது அம்மா. மனு ரிட்டர்ன் ஆகி வந்தால் என்ன குறை என்று தேடுவதும் அம்மாதான். செக் பவுன்ஸா? ரிட்டர்ன் ஆன தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள், அது தாண்டினால் ஒரு மாதத்துக்குள் கேஸ். அப்பீலா? கீழே 30 நாள், ஹைகோர்ட் என்றால் 90 நாள். இதையெல்லாம் அம்மா டைரி பார்க்காமல் சொல்வார். ஒரு தேதி தவறினால் ஒருவருடைய நிலமே போய்விடலாம். 17 வருஷத்தில் ஒரு தேதியும் தவறியதில்லை என்று சார் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்.

அந்த சார் நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் என் ஸ்கூல் ஃபீஸ் கட்டினார். தீபாவளிக்குப் புடவையும் ஸ்வீட்டும் கொடுக்கத் தவறியதில்லை. 2024-இல் அவர் திடீரென்று இறந்துபோனார். அவருடைய பிள்ளைகள் யாரும் வக்கீல் இல்லை. இரண்டு மாதத்தில் கேஸ் கட்டுகளையெல்லாம் கட்சிக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்து ஆபீஸை மூடினார்கள். கடைசி நாளில் சாருடைய மனைவி அம்மா கையைப் பிடித்து அழுது ஒரு கவர் கொடுத்தார். 25,000 ரூபாய்.

அன்று ராத்திரி அம்மா கரண்ட் பில்லின் பின்பக்கம் ஒரு கணக்குப் போட்டார். கடைசிச் சம்பளம் 12,000. அதை 15-ஆல் பெருக்கு, 26-ஆல் வகு, 17 வருஷத்தால் பெருக்கு. 1,17,692 ரூபாய். "இது என்னம்மா?" என்று கேட்டேன். "கிராஜுவிட்டி. மில்லுக்காரங்க, பஸ் கம்பெனிக்காரங்க எத்தனை பேருக்கு இதை அடிச்சுக் குடுத்திருக்கேன் பாப்பா. சும்மா எனக்கும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன்" என்றார்.

சும்மா! அந்த வார்த்தைதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

ஏன் கிடைக்காது? 1972-ஆம் வருஷத்து கிராஜுவிட்டி சட்டத்துக்குக் குறைந்தது 10 பேர் வேலை செய்திருக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ.க்கும் 10 பேர். பி.எஃப்.புக்கு 20 பேர். பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி ஆபீஸிலேயே ஒரு கமிட்டி வேண்டுமென்றாலும் 10 பேர். அதற்குக் கீழே என்றால் மாவட்ட அளவிலான கமிட்டியைத் தேடிப் போக வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 10, அதே 20. அம்மாவின் ஆபீஸில் சார், ஒரு ஜூனியர், ஒரு குமாஸ்தா, அம்மா. மொத்தம் நாலு பேர்.

சரி, ஆள் கூடினால் போதுமா? அங்கேயும் தகராறு. கேரளாவில் ஒரு வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவை வேலையை விட்டு நிறுத்திய விவகாரம் 1984-இல் சுப்ரீம் கோர்ட் வரை போனது. வக்கீல் ஆபீஸ் 'வணிக நிறுவனம்' அல்ல, எனவே அந்த மாநிலத்துக் கடைகள் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பு. அதற்கு முன்னால் 1978-இல், 'தொழில்' என்றால் என்ன என்பதை மிகவும் விரித்துச் சொன்ன பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கு. தொழிலாளர் பக்கம் நின்றவர் என்று பெயரெடுத்த நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதியது. அதிலேயே, சின்ன உதவியாளரை வைத்துக்கொண்டு தனியாகத் தொழில் செய்யும் வக்கீலை அந்த வரையறைக்கு வெளியே விட்டார்கள். அந்தச் 'சின்ன உதவியாளர்' யார் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் அம்மாதான்.

ஜூனியர் வக்கீல்கள் பாடும் கஷ்டம்தான். ஆனால் அவர்களுக்காவது 2024 ஜூனில் ஒரு வழி பிறந்தது. சென்னை ஹைகோர்ட் சொல்லி, சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 என்று குறைந்தபட்ச உதவித்தொகை நிர்ணயமானது. எல்லா ஆபீஸிலும் கொடுக்கிறார்களா என்பது வேறு விஷயம். காகிதத்திலாவது ஒரு எண் இருக்கிறது. அந்தக் காகிதத்தில் டைப்பிஸ்ட் இல்லை. திருச்சியில் நேற்று வந்த ஜூனியருக்கு 15,000 என்று எழுதியிருக்கிற அதே வருஷம், 17 வருஷ டைப்பிஸ்டுக்கு 12,000.

என் கிளாஸ்மேட் ஒருத்தி கேட்டாள். "அவரே தனி ஆள். அவர் எப்படிடி பி.எஃப். கட்டுவார்? குடும்பம் மாதிரிதானே பார்த்துக்கிட்டார்?" நியாயமான கேள்வி. சின்ன ஊர் வக்கீலுக்கு மாதா மாதம் வருமானம் நிச்சயமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் 'குடும்பம் மாதிரி' என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குடும்பத்தில் சொத்தில் பங்கு உண்டு. குடும்பம் மாதிரியில் தீபாவளிப் புடவை உண்டு. சார் இருக்கும்வரை அவருடைய நல்ல மனசு இருந்தது. அவர் போனதும் அதுவும் போய்விட்டது. ஒருவருடைய ஆயுளை நம்பி இன்னொருவருடைய முதுமை இருக்கலாமா?

தியாகி என்ற வார்த்தை எனக்குக் கசப்பதும் இதனால்தான். தியாகிக்கு மாலை போடலாம், கவிதை எழுதலாம். சம்பள பாக்கி தர வேண்டியதில்லை. தியாகம் என்று சொன்ன நிமிஷத்தில் கணக்கு முடிந்துவிடுகிறது.

இன்னொரு வார்த்தையும் உண்டு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இலவசத் தையல் மெஷினுக்கு மனு போடச் சொல்லி ஆயா நச்சரித்தார். அதற்கு 'கணவரால் கைவிடப்பட்டவர்' என்று சான்றிதழ் வாங்க வேண்டும். வி.ஏ.ஓ. ஆபீஸ் வரைக்கும் போன அம்மா ஃபாரத்தைப் படித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். "என்னை யாரும் கைவிடல. நான்தான் விட்டுட்டு வந்தேன். அதுக்கு ஒரு ஃபாரம் இருந்தா குடுங்க" என்றாராம். நிமிடத்துக்கு 45 வார்த்தை அடிக்கிறவருக்குத் தையல் மெஷின் எதற்கு என்று நானும் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குத் தோன்றுவது இதுதான். 10, 20 என்ற கணக்கு பெரிய ஃபேக்டரிகளை மனதில் வைத்துப் போட்டது. வக்கீல் ஆபீஸ், டாக்டர் கிளினிக், ஆடிட்டர் ஆபீஸ் எல்லாம் மூன்று நாலு பேரை வைத்து நடப்பவை. அங்கே வேலை பார்க்கும் டைப்பிஸ்ட், ரிசப்ஷனிஸ்ட் பலரும் அம்மா மாதிரி ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண்கள். எண்ணிக்கை குறைவு என்றாலும் விருப்பப்பட்டு பி.எஃப்.பில் சேரச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லும் வக்கீல்கள் அதை முதலில் செய்து காட்டலாம். ஜூனியருக்கு ஒரு எண் சொன்ன பார் கவுன்சில் டைப்பிஸ்டுக்கும் குமாஸ்தாவுக்கும் ஒரு எண் சொல்லலாம். என் கிளாஸில் லா காலேஜ் போகப் போகிறவர்கள் நாலு பேராவது இருக்கிறீர்கள். நாளைக்கு உங்கள் ஆபீஸிலும் ஒரு அம்மா இருப்பார். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா இப்போது வேறொரு வக்கீலிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். முதல் நாளே, "சம்பளம் எவ்வளவு சார், பி.எஃப். போடுவீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவர் சிரித்துவிட்டு, "யோசிப்போம்மா" என்றாராம். "அவர் யோசிக்கட்டும். மாசா மாசம் ஒண்ணாம் தேதி நான் ஞாபகப்படுத்துவேன்" என்கிறார் அம்மா.

தேதி விஷயத்தில் அம்மா தவறியதே இல்லை.