எழுத்தில் ஏறாத பிசின்

கீழவைப்பாரிலிருந்து கடலோரமாகத் தெற்கே சென்றால் தூத்துக்குடியைத் தாண்டிப் புன்னைக்காயல் வரும். ஹென்றீக் ஹென்றீக்கஸ் அடிகளார் வாழ்ந்த ஊர். 1586-இல் அச்சான அவரது ‘அடியார் வரலாறு’ இம்முத்துக்குளித்துறை மக்களுக்காக ஆக்கப்பட்டதே. தமிழ் அச்சின் கதையில் எழுத்துருவையும் தாளையும் பேசும் நாம் மையைப் பேசுவதில்லை.

பழைய அச்சுமை என்பது காய்ச்சிய எண்ணெயில் பிசினும் கரியும் சேர்த்துக் குழைத்ததே. மரக்கலத்தின் பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பற்று வேலைக்குக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சுவதும் அதே அறிவின் மற்றொரு கிளை. இன்றைய ஆஃப்செட் மைக்குப் பைன் பிசினைப் பீனாலோடும் ஃபார்மால்டிஹைடோடும் வினைபுரியச் செய்கின்றனர். பொருள்கள் பழையவை, விகிதமும் வெப்பமும் புதியவை எனக் காப்புரிமை கோருவர். ‘துறையறிந்தவர்க்கு இது எளிதிற் புலப்படுவதுதானே’ என்பர் எதிர்ப்போர்.

யாருக்குப் புலப்படுவது? 1978-இல் பிஸ்வநாத் பிரசாத் வழக்கில் உச்சநீதிமன்றம் இதற்கோர் அளவுகோல் தந்தது. பாத்திரங்களைக் கடைசல் பொறியில் பிடித்து நிறுத்தும் அமைப்பைப் பற்றிய வழக்கு அது. காப்புரிமை செல்லாதென முடிந்தது. முடிவோடு நமக்குப் பிணக்கில்லை. ஆனால் அளவுகோலாகக் கொள்ளப்பட்டவர் தேர்ந்த வினைஞர் அல்லது பொறியாளர். ‘வெறும்’ கைத்தொழிலாளி அல்லர். இந்த ‘வெறும்’ நம்மை உறுத்துகிறது. அடுப்பருகே நின்று பதம் பார்ப்பவர் எந்தப் பக்கம்?

மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்கா காப்புரிமை வழங்கியது. 1997-இல் அதை நீக்க நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பாட்டிமார்களை அழைத்துச் செல்லவில்லை. பழைய நூல்களையும் 1953-ஆம் ஆண்டு ஆய்விதழ்க் கட்டுரையையும் கொண்டு சென்றது. பிறநாட்டு வழக்கம் அச்சேறியிருந்தாலன்றி அங்கே கணக்கில் வாராது. 2013 வரை அதுவே சட்டம். லண்டனில் மாக்சன் 1683-இல் மைக்கு எண்ணெய் காய்ச்சுவதை எழுதி அச்சிட்டார், அது சான்றாகும். நம் கரையினரின் பதம் ஆகாது.

இந்தியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு தாராளமானது. உள்ளூர்ச் சமூகத்தின் வாய்மொழி அறிவையும் காட்டிக் காப்புரிமையை எதிர்க்கலாம். ஆனால் அதைச் சொல்ல ஆள் வேண்டுமே! கண்ணாடியிழைப் படகுகள் வந்தபின் கலப்பற்றுக்குத் தேவை சுருங்கிவிட்டது. நாமும் கடற்கரைக்குச் சென்றபோதெல்லாம் அம்பாப் பாடல்களைத்தான் கேட்டெழுதினோம். குங்கிலியம் ஒரு பங்குக்கு எண்ணெய் எத்தனை பங்கு என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.