கடன் செயலிக்குத் தொடர்புப் பட்டியல் எதற்கு?

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபின் அந்தமானில் இணையம் வேகமெடுத்தது. போர்ட் பிளேரின் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) டெய்ரி ஃபார்ம் பகுதிவாசிகளுக்கும் கடன் இப்போது கைபேசியிலேயே கிடைக்கிறது. கூடவே, தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்கும் பொத்தானும் வந்துவிட்டது.

கடன் தரும் செயலிக்குத் தொடர்புப் பட்டியல் எதற்கு? தவணை தவறினால் உறவினர்களை அழைத்து அவமானப்படுத்தப் பல செயலிகள் அதைப் பயன்படுத்தின. அதனால்தான், தொடர்புகளையும் அழைப்பு விவரங்களையும் கடன் செயலிகள் தொடக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்புதல் தருவதைப் போலவே திரும்பப் பெறுவதும் எளிதாக இருக்க வேண்டும். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது.

அந்தத் தமிழ் அறிவிப்பை முதல் திரையிலேயே காட்டச் செயலி நிறுவனங்களை அரசு கட்டாயப்படுத்த வேண்டும்.