வீணான இடம்
புதுவைத் தெருக்களில் பிரெஞ்சும் தமிழும் ஒரே பெயர்ப்பலகையில் சண்டையின்றி நிற்கின்றன. கணினியில் மட்டும் நமக்கு அந்தப் பொறுமை இல்லை.

2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவித் தரப்பட்டது. சி-டாக் உருவாக்கிய அவ்வியங்குதளம் தமிழ் முகப்பிலேயே இயங்கக்கூடியது. கற்பிக்கத்தான் ஆளில்லை. லினக்ஸ் குடியிருக்கும் வட்டுப்பகுதியை விண்டோஸ் தானாகப் படிக்காது; ஆகவே அது 'வீணான இடம்' எனப்பட்டது. அழித்தால் சில திரைப்படங்களைச் சேமிக்கலாமே! மாணவர்களை நோவதில் நியாயமில்லை. கருவியைக் கொடுத்துவிட்டுக் கல்வியை மறந்த அரசைத்தான் கேட்க வேண்டும்.

கூடவே நம்மையும். தாய்மொழிக் கல்விக்குச் சிறப்பிதழ் போடும் சிற்றிதழ்க்காரர்கள், திருட்டு விண்டோஸில் பக்கம் வடிவமைத்துக்கொண்டே பன்னாட்டு மூலதனத்தைச் சாடுகிறோம். அந்தத் தமிழ் முகப்பை எத்தனை பேர் ஒருமுறையேனும் திறந்து பார்த்தோம்?