புதையல் தேடப் போகலாமா?

ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை 6 மணிக்கெல்லாம் நாங்கள் ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுவோம். இவர், குழந்தைகள் இருவர், நாய்கள் இரண்டு. "எல்லாத்தையும் எப்படிம்மா கட்டி மேய்க்கறே?" என்பார் பக்கத்து வீட்டு மாமி. சும்மா நடக்கச் சொன்னால் சின்னவள் பத்தடியில் "கால் வலிக்குது" என்று உட்கார்ந்துவிடுவாள். அதற்குத்தான் புதையல் வேட்டை. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன்: புங்கங்காய், பறவை இறகு, பூச்சி அரித்த இலை, காலி நத்தை ஓடு. கிடைத்ததைத் துணிப்பையில் போட வேண்டும். அப்புறம் கால்வலியாவது ஒன்றாவது!

சீட்டில் குன்றிமணிக்கும் மஞ்சள் அரளிக் காய்க்கும் மட்டும் இடமே கிடையாது. பிள்ளையாருக்குக் கண் வைக்கிற குன்றிமணிதானே என்று நினைத்துவிடாதீர்கள், சகோதரிகளே. முழுதாக விழுங்கினால் பல சமயம் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்து மென்றால் உயிருக்கே உலை வைத்துவிடும். சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகுதான் வாந்தி, பேதி. அரளி விதையோ இதயத் துடிப்பையே குலைத்துவிடும். நாய்க்கும் இதே ஆபத்துதான். குழந்தை வாயில் போட்டதாகச் சந்தேகம் வந்தாலே, உப்புத் தண்ணீர் கொடுத்துப் பொழுதைப் போக்காமல், மிச்ச விதையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நாய்கள் கயிற்றில்தான் வரும். வருஷா வருஷம் வெறிநோய்த் தடுப்பூசி உண்டு. திரும்பும்போது தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். எனக்குச் சுட்டால் அதுகளுக்கும் சுடும். வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நாய்களின் காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பது இவர் வேலை. போன வாரம் நத்தை ஓட்டை முதலில் மோப்பம் பிடித்தது நாய்தான். பரிசு யாருக்கு என்று இன்னும் வழக்கு நடக்கிறது!